இடுப்பு ரண சிகிச்சைக்குப் பின் தொழுகை



வயது சென்றவர்கள் வழுக்கி விழுந்து, இடுப்பு முறிந்து, ரண சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்புவதை நாம் அடிக்கடி காண்கிறோம். வைத்தியரின் வேலை சில மணி நேரத்தில் முடிந்து விடுகிறது. தேறி எழும் காலந்தான் நீண்டது. அந்த நாட்களின் தொழுகையைப் பற்றி நம்மவர்களிடையே ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. என் வீட்டிலேயே அது இருந்ததால் எழுதுகிறேன்.

2022-ல் என் வாப்பா கடை முன் அஞ்சடியில் மழை ஈரத்தில் வழுக்கி விழுந்தார்கள். தொடை எலும்பின் கழுத்து ஒடிந்து விட்டது. ஒடிந்த தலையை நீக்கி உலோகப் பந்து வைத்தார்கள். மறுநாளே சட்டத்தைப் பிடித்து நிற்கவும் வைத்து விட்டார்கள். வீட்டுக்கு வந்த பின் தொழுகையைப் பற்றிக் கேட்டால், “எழுந்து நடந்ததும் மொத்தமாகக் களாச் செய்து தீர்த்து விடுகிறேன்” என்பார்கள். தலையணைக்கு அடியில் ஒரு பழைய கணக்கு நோட்டு. அதில் வக்துக்கு ஒரு கோடு. மூன்று வாரத்தில் 105 கோடுகள் ஏறிவிட்டன. கடையில் எவனுக்கும் ஒரு மாதத்துக்கு மேல் கடன் நிற்க விடாத மனிதர் அவர்கள்!

எங்கள் ஆலிம்சாவை அழைத்து வந்தேன். அவர்கள் சொன்ன விளக்கம் யாவருக்கும் பயன்படும்.

புத்தி தெளிவாக இருக்கும் வரை நோயாளிக்குத் தொழுகை நீங்குவதில்லை. அதன் தோற்றந்தான் மாறுகிறது. நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்கள் கேட்டபோது, நின்று தொழவும், இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழவும் நாயகம் (ஸல்) அவர்கள் வழி காட்டினார்கள். புகாரியில் உள்ள ஹதீது இது. நாயகமவர்களே ஒரு சமயம் குதிரையிலிருந்து விழுந்து வலப்பக்கம் காயமுற்று, வீட்டில் உட்கார்ந்தபடியே தொழுதிருக்கிறார்கள். அப்படியிருக்க, நாற்காலியில் தொழ நமக்கு என்ன வெட்கம்?

நிற்க முடிகிறது, சுஜூது செய்ய முடியவில்லை என்றால் என்ன செய்வது? இதில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன. ஷாபிஈ மத்ஹபில், நிற்க இயன்றவர் நிலையில் நின்றே ஆக வேண்டும். சட்டத்தையோ சுவரையோ பிடித்துக் கொள்ளலாம். சுஜூதுக்கு நாற்காலியில் அமர்ந்து சைகை செய்ய வேண்டும். ஹனபி மத்ஹபிலோ, சுஜூதுக்கு இயலாதவருக்கு நிற்கும் கடமையும் விலகுகிறது; உட்கார்ந்தே சைகையால் தொழலாம். இரண்டிலும் சைகை செய்பவர் ருகூஃவை விட சுஜூதுக்குத் தலையைச் சற்று அதிகம் தாழ்த்த வேண்டும். ஒருவர் தொழுவதைப் பார்த்து மற்றவர் முகஞ்சுளிக்க இடமில்லை.

இனி வைத்தியர் விதிக்கும் பத்தியம். பின்புறமாகத் திறந்து செய்த சிகிச்சையானால், இடுப்பைச் செங்கோணத்துக்கு மேல் மடக்காதே, கால் மேல் கால் போடாதே, காலை உள்பக்கம் திருப்பாதே என்பார்கள். பொதுவாக 6 முதல் 12 வாரம் இந்தக் கட்டுப்பாடு. மீறினால் பந்து கிண்ணத்தை விட்டு நழுவும். சிகிச்சையின் முறைக்குத் தக்கபடி இது மாறும். அவரவர் வைத்தியர் சொல்வதே கணக்கு. நாற்காலி உயரமாக இருக்கட்டும். முழங்கால் இடுப்பை விட மேலே வரலாகாது. பெட்டியடியில் கிடக்கும் குட்டை முக்காலி, குந்தும் கக்கூஸ், தரையில் அமர்ந்து சஹனில் உண்பது இவையெல்லாம் அதுவரை விலக்கு. தரையில் சுஜூது செய்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிப்பது பக்தி ஆகாது. ஊன்றுகோலை நோயற்ற பக்கத்துக் கையில் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ரணப்பட்ட கால் முதலில்.

இத்தனையும் கேட்ட பிறகும் வாப்பா பேசாமலிருந்தார்கள். ஆலிம்சா மெதுவாக, “ஒளுவுக்கு என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்டார்கள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. குனிந்து பாதத்தைக் கழுவ முடியவில்லை. மகனைக் கால் கழுவச் சொல்ல வாய் வரவில்லை. 105 கோடுகளுக்கும் காரணம் அவ்வளவே. மூன்று வாரமாக அதே வீட்டில் இருந்த எனக்கு அது தோன்றவில்லையே என்று இன்றும் உறுத்துகிறது.

பிறர் கழுவி விட்டாலும் ஒளு கூடும். இடுப்பில் உள்ள கட்டு ஒளுவின் அவயவங்களில் சேராததால் அதனால் ஒளுவுக்குத் தடையுமில்லை. குளிப்புக் கடமையானால் மட்டும் ஆலிமிடம் கேட்டுக் கொள்ளட்டும். ஷாபிஈ மத்ஹபில் மனைவியின் மேனி திரையின்றிப் பட்டால் ஒளு முறியும். ஆகையால் உதவுவது மனைவியானால் கையுறை அணிந்து கொள்ளலாம். எங்கள் வீட்டில் அந்த வேலையை நான் எடுத்துக் கொண்டேன். முதல் நாள் வாப்பா சுவரைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். நான்காம் நாள், விரலிடுக்கில் தண்ணீர் சேரவில்லை என்று அதட்டினார்கள்.

ஜும்ஆவுக்குப் போக முடியாத ஏக்கம் வேறு. நோயாளிக்கு அது கடமையில்லை, லுஹர் போதும். ஆரோக்கியத்தில் ஒருவன் வழக்கமாகச் செய்துவந்த அமலின் கூலி, நோயில் கிடக்கும்போதும் அவனுக்கு எழுதப்படுவதாக ஹதீதில் வந்திருக்கிறது. கடை பூட்டிக் கிடந்தும் வரவு ஏறுவது இந்த ஒரு பேரேட்டில்தான்.

விடுபட்ட 105 வக்துகளையும் குணமாகும் வரை தள்ளிப்போட வேண்டாம், இப்போது எப்படித் தொழ இயலுகிறதோ அப்படியே களாச் செய்யலாம் என்றார்கள் ஆலிம்சா. ஒவ்வொரு பர்ளுடனும் ஒரு களா. 21 நாளில் நோட்டில் உள்ள கோடுகள் எல்லாம் அடிபட்டன. நல்ல நாளில் அதிகம் நடந்து மறுநாள் வலியில் படுப்பதும், “இன்னும் எத்தனை நாள்?” என்று சலிப்பதும் அதன் பிறகும் இருந்தன. வாப்பா கோலை வைத்துவிட்டுக் கடைக்கு வர மேலும் எட்டு மாதம் சென்றது. பெட்டியடியில் இப்போது உயரமான நாற்காலி போட்டிருக்கிறோம்.