உடைந்த ஃபைபர் போட்டை ஒட்டுவது எப்படி?

சுனாமிக்குப் பிறகு 2005-ல் வந்த எங்கள் ஃபைபர் போட்டில் அடியில் கீறல். கடலுக்குப் போகாவிட்டால் வீட்டில் காசு இல்லை. அண்ணன் அவசரமாக எபாக்சி பூசினான். மூன்றே நாளில் உரிஞ்சு வந்துடுச்சு. உப்பும் ஈரமும் இருந்தால் அது பிடிக்காதாம்.

மறுபடி நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, கீறலைச் சுற்றி உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்தோம். (தூசி அரிக்கும், மூக்கில் துணி கட்டுங்கள்.) ரெசினும் ஹார்டனரும் டப்பாவில் உள்ள அளவுப்படிதான் கலக்கணும். ஹார்டனர் கூடினால் சரியாக இறுகாது. நான் ஒரு குவளை நிறையக் கலந்து வைத்தேன். வேதிவினையில் சூடேறிப் புகையே வந்துடுச்சு! அப்பா முறைத்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, கண்ணாடியிழைத் துணியை மூன்று அடுக்காக, காற்றுக்குமிழி இல்லாமல் ஒட்டினோம்.

இன்று விடியற்காலை அப்பா போயிருக்கிறார். வந்ததும் போட்டுக்குள் தண்ணீர் ஏறியிருக்கா என்று பார்க்கணும்.