சத்தம் போடுகிறவரின் பயம்

அன்புள்ள தம்பிக்கு,

“நோயைக்கூடப் பார்த்துவிடுகிறேன் அண்ணா, கூட வருகிற ஆட்களைத்தான் சமாளிக்க முடியவில்லை” என்று எழுதியிருந்தாய். சேலத்தில் புதிதாகக் கால்நடை கிளினிக் போட்ட எவருக்கும் வரும் கவலைதான் இது.

நாமக்கல் கல்லூரியில் கோழிப்பண்ணைகளைச் சுற்றித்தான் நாம் தொழில் படித்தோம். பண்ணைக்காரருக்குத் தீவனம், தடுப்பூசி, இறப்பு எல்லாமே நோட்டில் ஏறும் கணக்கு. உன்னிடம் வருபவருக்கு இருப்பதோ ஒரே நாய்க்குட்டி. அதுவும் மகள் அடம்பிடித்து வாங்கியது. அது சுருண்டு கிடக்கும்போது அவர் நிதானமாகப் பேச மாட்டார். செலவை எண்ணியோ, தான் செய்த தப்பு வெளிப்பட்டுவிடும் என்றோ பயப்படுகிறவர்தான் பெரும்பாலும் சத்தம் போடுகிறார். அந்தப் பயம் எது என்று முதலில் கண்டுபிடி.

ரத்தக் கழிச்சலோடு குட்டியைத் தூக்கிவந்து, “ஒரு ஊசி போட்டா சரியாப் போயிருமுங்களா?” என்பார்கள். பார்வோ என்று தெரிந்தால் உடனே விஷயத்தைச் சொல்லிவிடு. இந்த வைரஸைக் கொல்ல மருந்தில்லை. டிரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்தி, உடம்பு தேறும்வரை தாங்கிப் பிடிக்க வேண்டும். சில நாள் ஆகும். பிழைக்கும் என்று உறுதி தர முடியாது. ஒரு நாள் செலவு எவ்வளவு என்பதையும் ஊசியை எடுக்கும் முன்பே சொல். முடியாதவருக்கு அரசு கால்நடை மருத்துவமனைக்கு வழி காட்டு. பில்லை நீட்டும்போது வரும் சண்டைகளில் பல இதிலேயே தீர்ந்துவிடும்.

முகம் வீங்கி, ஈறு பழுப்பேறிய பூனை வந்தால் பாராசிட்டமால் கொடுத்தார்களா என்று சந்தேகப்படு. பூனையின் ஈரலால் அந்த மருந்தை முறிக்க முடியாது. ஒரு மாத்திரையே உயிரை வாங்கிவிடும். “ஏன் கொடுத்தீங்க?” என்று கேட்டால் உண்மை வராது. “காய்ச்சல்னு வீட்டுல என்ன கொடுத்துப் பார்த்தீங்க?” என்று கேள். மாத்திரை அட்டையே பையிலிருந்து வெளியே வரும். மாற்று மருந்தை நேரத்தோடு கொடுக்க அந்த ஒரு பதில் போதும். அறிவுரையைப் பூனை தேறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் வெறிநோயில் மட்டும் துளியும் வளைந்து கொடுக்காதே. தாடை தொங்கி, எச்சில் ஒழுக, தண்ணீர் குடிக்க முடியாமல் நாய் நிற்கும். “தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சுங்க, எடுத்து உடுங்க” என்பார் வீட்டுக்காரர். அவரே ஏற்கெனவே வாய்க்குள் கையை விட்டுப் பார்த்திருப்பார். நீ கையை விடாதே. கடித்த, கீறிய, எச்சில் பட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவச் சொல்லி, அன்றைக்கே அவரைத் தடுப்பூசி போட்டுக்கொள்ள அரசு மருத்துவமனைக்கு அனுப்பு. வீட்டில் வேறு யார் அதைத் தொட்டார்கள், குழந்தைகள் உண்டா என்றும் விசாரி. அறிகுறி வந்துவிட்டால் மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். “நல்ல நாயைப் போய் வெறிநாய்ங்கிறான்” என்று தெருவில் நின்று ஏசினாலும் ஏசட்டும். ஊசி போட்டுக்கொண்டார்களா என்று மறுநாள் நீயே போன் செய்து கேள்.

ஆளைப் பார்த்து வைத்தியத்தை மாற்றாதே. பேசும் விதத்தை மாற்றிக்கொள். கை ஓங்குகிறவரைத் தனியாக நின்று சமாளிக்காதே, உதவியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொள். சொன்னதையெல்லாம் சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கு.

கடைசியாக ஒன்று: வெறிநோய் முன்தடுப்பு ஊசியை நீயும் உன் உதவியாளரும் போட்டுக்கொண்டீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உன் அண்ணன்