ஸ்டால் போடப் போகும் பிள்ளைகளுக்கு

பருப்புப்பொடி, இட்லிப்பொடி, ஊறுகாய் என்று மதுரையில் வியாபாரம் செய்து குடும்பத்தைக் கரையேற்றியவள் நான். இப்போது கடையை மருமகள் பார்த்துக்கொள்கிறாள். புதிதாகத் தொழில் தொடங்கும் பிள்ளைகள் என்னிடம் வந்து, "அம்மா, கண்காட்சியில் ஸ்டால் போடட்டுமா? கடன் முகாமுக்குப் போகட்டுமா?" என்று கேட்கிறார்கள். போங்கள் என்றுதான் சொல்வேன். கடை பிடிக்க அட்வான்ஸ் இல்லாதவருக்கும் விளம்பரத்துக்கு வசதி இல்லாதவருக்கும் ஊரில் நடக்கும் இந்த நிகழ்ச்சிகள்தான் முதல் வாசல். ஆனால் அங்கே கூடும் கூட்டம் உங்களுக்குச் சொந்தமில்லை. பந்தலைப் பிரித்ததும் கலைந்துவிடும். அதில் யாரைத் தக்கவைத்துக்கொண்டீர்கள், எதைத் தெரிந்துகொண்டீர்கள் என்பதுதான் மிச்சம். நான் கீழே சொல்வதெல்லாம் அந்த மிச்சத்தைச் சேர்க்கிற வழிகள்.

1. எதற்குப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

மகளிர் குழுக்களுக்கு நடத்தும் சரஸ் மேளா, மதி கண்காட்சி, கல்லூரிச் சந்தை எல்லாம் நேரடி விற்பனைக்கு. மாவட்டத் தொழில் மையமும் வங்கிகளும் நடத்தும் கடன் முகாம் முதலுக்கு. வாங்குவோர் விற்போர் சந்திப்பு மொத்த ஆர்டருக்கு. கோவை கொடிசியா வளாகத்தில் நடப்பது போன்ற இயந்திரக் கண்காட்சிக்கு வேடிக்கை பார்க்கிறவராகவே போகலாம். அரைக்கிற மெஷினையும் பாக்கெட் ஒட்டுகிற மெஷினையும் ஓட விட்டுப் பார்த்து, சர்வீஸ் ஆள் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். கடன் முகாமுக்கு ஊறுகாய் பாட்டிலோடு போவதும், மொத்த வியாபாரிகள் சந்திப்புக்கு விலைப்பட்டியல் இல்லாமல் போவதும் வீண் அலைச்சல்.

2. பணம் கட்டும் முன் ஒரு தடவை கையை வீசிக்கொண்டு போய்ப் பாருங்கள்.

எந்த ஸ்டாலில் ஆட்கள் நிற்கிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள் என்று பாருங்கள். உங்கள் பொருளையே விற்கிற ஸ்டால் எத்தனை என்று எண்ணுங்கள். நடத்துகிறவர்களிடம் மேஜை, மின்சாரம், இரவுக் காவல் உண்டா, மழை வந்தால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். தேதியும் முக்கியம். மாதத்தின் முதல் வாரத்துக் கையும் கடைசி வாரத்துக் கையும் வேறு. நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்கள் தனி. திறப்பு விழா நாளில் பெரிய மனிதர்கள் வந்து ரிப்பன் வெட்டிப் போகும்வரை போணி ஆகாது. அந்த நாளை அரை நாளாகவே கணக்கில் வையுங்கள்.

3. ஸ்டாலின் கணக்கைப் பாக்கெட்டில் போடுங்கள்.

மூன்று நாள் ஸ்டால் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 6,000 ரூபாய், வண்டி 2,000, கூட நிற்கும் பெண்ணுக்குக் கூலி 1,800, சாப்பாடு, டீ 900, ருசி பார்க்கக் கொடுப்பது 1,000, பை அச்சடிக்க 800. மொத்தம் 12,500. நூறு ரூபாய் பாக்கெட்டில் உங்களுக்கு நிற்பது இருபத்தைந்து ரூபாய் என்றால், 500 பாக்கெட் விற்றால்தான் கையைக் கடிக்காது. காலை பத்து மணியிலிருந்து இரவு எட்டு மணிவரை பார்த்தால் மூன்றரை நிமிடத்துக்கு ஒரு பாக்கெட். மத்தியானம் ஈ ஓட்டும் நேரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உங்களால் முடியுமா என்று அந்த மூன்றரை நிமிடம் சொல்லிவிடும். முடியாது என்று தோன்றினால் வாடகை இல்லாத, அல்லது குறைந்த வாடகை உள்ள அரசுக் கண்காட்சியில் தொடங்குங்கள். மகளிர் குழுவில் இருப்பவர்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் கேட்டால் வழி சொல்வார்கள். தனி ஆளாக இருப்பவர்கள் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். கண்காட்சிகளின் ஸ்டால் வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் மத்திய அரசுத் திட்டமும் உண்டு. அதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ரசீதைத் தொலைத்துவிடக் கூடாது.

4. பாக்கெட்டின் பின்பக்கத்தைச் சரிசெய்துவிட்டுப் புறப்படுங்கள்.

வீட்டுக்கு வாங்குகிறவர் முன்பக்கத்தைப் பார்ப்பார். கடை வைத்திருப்பவர் கையில் எடுத்ததும் திருப்பித்தான் பார்ப்பார். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதினான்கு இலக்கப் பதிவு எண், சேர்மானங்கள் அதிக அளவில் இருப்பதிலிருந்து குறைவானது வரை வரிசையாக, நிகர எடை, தயாரித்த நாள், எதுவரை பயன்படுத்தலாம், எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச விலை, தயாரித்தவர் முகவரி, புகார் சொல்லத் தொலைபேசி எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி, இத்தனையும் இருக்க வேண்டும். எண்ணைக் கொடுத்தால் எடுத்துப் பேசவும் வேண்டும். ஸ்டாலில் எடை போட்டுக் கொடுக்கிறவர்கள் தராசுக்கு முத்திரை வாங்கியிருக்க வேண்டும். எலக்ட்ரானிக் தராசுக்கு அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் கண்காட்சிக்கும் வருவார்.

5. ருசி பார்க்கக் கொடுத்தால் கையைப் பாருங்கள்.

முகத்தை நம்பாதீர்கள். நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "சூப்பரா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோவார்கள். பொடியைத் தொட்டு வாயில் வைத்தவர் கை மறுபடி தட்டுக்கு நீள்கிறதா, பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்கு ஒரு விள்ளல் ஊட்டுகிறாரா, அதுதான் பதில். கை நீளாதபோது என்ன குறை என்று அவரையே கேளுங்கள். "கொஞ்சம் உப்புத் தூக்கல்" என்று ஒருவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து நாலு பேர் சொன்னால் கைப்பக்குவத்தை மாற்றுங்கள். ஸ்டாலில் நின்றுகொண்டே இருங்கள். உட்கார்ந்து போனைப் பார்க்கிறவரிடம் யாரும் வந்து நிற்க மாட்டார்கள்.

6. நோட்டு இல்லாமல் போகாதீர்கள்.

இடது பக்கத்தில் வாங்கியவர் பெயர், ஊர், எண், என்ன வாங்கினார் என்று எழுதுங்கள். செய்தி அனுப்பலாமா என்று கேட்டுவிட்டே எண்ணை வாங்குங்கள். ஜிபேயில் பணம் வந்துவிட்டதே என்று விட்டுவிட்டால் ஆள் யார் என்பது உங்களுக்குத் தெரியாது. வலது பக்கத்தை, கேட்டு நம்மிடம் இல்லாதவற்றுக்கு ஒதுக்குங்கள். நூறு கிராம் பாக்கெட் இல்லையா, பூண்டு போடாதது உண்டா, நல்லெண்ணெயில் செய்ததா, கூரியரில் சென்னைக்கு வருமா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மூன்று நாளில் அந்தப் பக்கம் நிறைந்துவிடும். அடுத்து எதைச் செய்ய வேண்டும் என்று பணம் கொடுத்து ஆலோசகரை வைத்துக் கேட்க வேண்டாம். வலது பக்கத்தைப் படித்தால் போதும்.

7. கடைசி நாள் மாலையில் விலையை உடைக்காதீர்கள்.

சரக்கைத் திருப்பி ஏற்றிக்கொண்டு போக மனசு வராது. "ரெண்டு எடுத்தா ஒண்ணு ஃப்ரீ" என்று கூவத் தோன்றும். அதற்காகவே காத்திருந்து கடைசி நாள் வருகிறவர்கள் உண்டு. ஆனால் முதல் நாள் முழு விலை கொடுத்தவரும் அன்று வரலாம். உங்கள் பொருளை வாங்கி வைத்திருக்கிற மளிகைக் கடைக்காரர் காதுக்கும் செய்தி போகும். மிஞ்சிய சரக்கைச் சின்னப் பாக்கெட்டாக்கி, அதிகம் வாங்குகிறவருக்கு இலவசமாகப் போட்டுக் கொடுங்கள். விலை நிற்கும், ருசியும் புது வீட்டுக்குப் போகும்.

8. பக்கத்து ஸ்டால்காரரைப் போட்டியாகப் பார்க்காதீர்கள்.

பாட்டில் எங்கே மலிவு, எந்தக் கூரியரில் உடையாமல் போகிறது, எந்த வங்கி மேலாளர் காது கொடுத்துக் கேட்பார், எந்தக் கடைக்காரர் பாக்கியை இழுப்பார் என்பதெல்லாம் மேடைப் பேச்சில் வராது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து ஸ்டாலில்தான் வரும். நீங்களும் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

9. கடன் முகாமுக்குக் காகிதங்களோடு போங்கள்.

மேடையில் காசோலை வாங்குகிறவர் அன்று காலையில் கேட்டு அன்றே வாங்கியவர் இல்லை. எப்போதோ விண்ணப்பித்து அலைந்தவர். ஆதார், பான், சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு, வங்கிக் கணக்கு விவரம், இடத்தின் வாடகை ஒப்பந்தம், மெஷின் விற்பவரின் விலைப்புள்ளி, திட்ட அறிக்கை ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு எடுத்துப் போங்கள். உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்டால் அந்த இணையதளமோ ஆளோ அரசைச் சார்ந்தது இல்லை. "மானியம் வாங்கித் தருகிறேன்" என்று வாசலில் நிற்கும் தரகரைத் தாண்டி உள்ளே போய் நேராக அதிகாரியிடம் பேசுங்கள்.

மானியம் என்றதும் கைக்கு வரும் ரொக்கம் என்று நினைக்கிறார்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மானியத்தொகை மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே உங்கள் பெயரில் இருக்கும். தொழிலை ஒழுங்காக நடத்தினால்தான் கடனில் கழிப்பார்கள். அந்தத் திட்டத்தின் முதல் கடன் புதிய தொழிலுக்குத்தான். ஆகவே கடன் அனுமதிக்கு முன்னால் ஆசைப்பட்டு மெஷினை வாங்கிப் போட்டுவிடாதீர்கள். குறுந்தொழிலுக்குக் குறைந்தது பத்து லட்ச ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கி சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேட்டால் அந்த விதியைப் பணிவாக நினைவுபடுத்துங்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 35 சதவீத மானியம் உள்ள அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைத் தமிழக அரசு 2023இல் கொண்டுவந்தது. உங்களுக்கு எது பொருந்தும் என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் உட்கார்ந்து பேசினால் தெரியும்.

10. மொத்த ஆர்டரில் வாயை அளந்து பேசுங்கள்.

வாங்குவோர் விற்போர் சந்திப்பில் பெரிய கடைக்காரர் "மாதம் இரண்டாயிரம் பாக்கெட் தர முடியுமா?" என்பார். உங்கள் அடுப்பும் ஆட்களும் எண்ணூறுக்குத்தான் தாங்கும் என்றால் எண்ணூறு என்றே சொல்லுங்கள். ஒப்புக்கொண்டு தவறிய ஆளை அவர் மறுபடி கூப்பிட மாட்டார். விலை, அளவு, அனுப்பும் தேதி, திருப்பி அனுப்பினால் யார் செலவு, பணம் எத்தனை நாளில் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாட்ஸப்பில் வந்தாலும் சரி, எழுத்து எழுத்துதான்.

பணம் வராமல் இழுத்தடித்தால் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் கைகொடுக்கும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டுவட்டி. அப்படி இழுக்கிற பாக்கியை, கொடுத்து முடிக்கிற ஆண்டில்தான் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும் என்ற விதியும் 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வந்திருக்கிறது. புகார் செய்ய வசதி மன்றம் இருக்கிறது. இதெல்லாம் குறு, சிறு தொழிலில் உற்பத்தியோ சேவையோ செய்கிறவருக்குத்தான், வாங்கி விற்பவருக்கு இல்லை. சரக்கை அனுப்பும் முன்பே உத்யம் பதிவு இருக்க வேண்டும். ஆனாலும் புகார் கடைசி வழி. முதல் ஆர்டருக்குப் பாதி முன்பணம் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

11. எல்லை தாண்டும் முன் வரியைக் கேளுங்கள்.

ஜிஎஸ்டி பதிவு இல்லாமல் மதுரையில் விற்கிற சிறு வியாபாரி பெங்களூருக் கண்காட்சியில் அப்படியே விற்க முடியாது. அங்கே தற்காலிகப் பதிவு வேண்டும். குறைந்தது ஐந்து நாள் முன்னதாக விண்ணப்பித்து, உத்தேச வரியை முன்கூட்டியே கட்ட வேண்டும். அறிவிக்கப்பட்ட கைவினைப் பொருள்களுக்கு ஓரளவு விற்பனை வரை விலக்கு உண்டு. டெல்லியில் ஆண்டுதோறும் நவம்பர் 14 தொடங்கி நடக்கும் வர்த்தகக் கண்காட்சிக்கு ஆசைப்படுகிறவர்கள், முதலில் பக்கத்து மாவட்டத்தில் கால் ஊன்றிவிட்டுப் போங்கள்.

12. ஊர் திரும்பிய வாரத்தில் தூங்காதீர்கள்.

எண் கொடுத்தவர்களுக்கு மூன்று நாளுக்குள் ஒரு செய்தி அனுப்புங்கள். வாங்கிய பொருளின் பெயரைச் சொல்லி, எப்படி இருந்தது என்று கேளுங்கள். காலை வணக்கப் படங்கள் வேண்டாம். கடைக்காரர்களுக்கு நேரில் சாம்பிள் கொண்டுபோங்கள். அதிகாரி என்ன காகிதம் கேட்டாரோ அதை அந்த வாரமே கொடுத்துவிடுங்கள். அடுத்த மாதம் அவர் மேஜையில் வேறு கோப்புகள் இருக்கும்.

சில பிள்ளைகள் ஊர் ஊராய்க் கண்காட்சிக்கே போய்க்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் சரக்குப் போட ஆள் இல்லை, பழைய வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல நேரமும் இல்லை. அடுத்த ஸ்டாலுக்குப் பணம் கட்டும் முன் நோட்டைத் திறந்து, போன தடவை பெயர் எழுதியவர்களில் எத்தனை பேர் மறுபடி வாங்கினார்கள் என்று எண்ணுங்கள். கணிசமாக இருந்தால் தைரியமாகக் கட்டுங்கள். யாருமே வாங்கவில்லை என்றால், இன்னும் பெரிய ஸ்டால் எடுப்பதில் பயனில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல மிளகாயும் பருப்பும் வாங்கி, முதலில் பொடியைச் சரிசெய்யுங்கள்.