குதிகால் எலும்பை அளக்கப்போகும் தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

தடய மானுடவியலில் சேர்ந்துவிட்டதாக எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். பாத எலும்பை வைத்து ஆணா பெண்ணா என்று பார்ப்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். முதலில் இதை மனதில் வை: எலும்பின் அளவுகளை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் சூத்திரம் எப்போதும் ஒரு விடை தரும். அதற்குப் பொருந்தாத எலும்பைக் கொடுத்தாலும் தரும்.

இடுப்பெலும்பு முழுசாகக் கிடைத்தால் யாரும் பாதத்தைத் தேடப் போவதில்லை. ஆனால் நாயும் நரியும் இடுப்பெலும்பை விட்டுவைப்பதில்லை. ஷூவுக்குள் இருக்கும் பாதம் பல சமயம் தப்பிவிடுகிறது. அதில் குதிகால் எலும்பும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் தாலஸும் கெட்டியானவை. 1976இல் ஜென்ட்ரி ஸ்டீல் என்ற ஆய்வாளர் இவ்விரண்டையும் அளந்து, 79 முதல் 89 சதவீதம் வரை சரியாகப் பிரிக்க முடிந்தது என்று எழுதினார். அதாவது நூற்றுக்குப் பதினோரு பேராவது தவறான பக்கம்.

குதிகால் எலும்பின் நீளத்தைப் பின்மேட்டிலிருந்து, முன்னால் கியூபாய்ட் எலும்போடு சேரும் முகப்பின் மேல்விளிம்பு வரை எடுப்பார்கள். வயதானவர்கள் பலருக்குக் குதிநாண் ஒட்டும் இடத்தில் முள் வளர்ந்திருக்கும். அதையும் அளக்கும் வெர்னியர் கருவியின் தாடைக்குள் பிடித்துவிட்டால் ஓரிரு மில்லிமீட்டர் கூடும். ஆணையும் பெண்ணையும் பிரிக்கும் வெட்டுப்புள்ளிக்கு அருகில் நிற்கும் பெண் ஆணாகிவிடுவாள். விரலால் தடவிப் பார்த்துவிட்டு அள.

ஸ்டீல் அளந்தவை டெர்ரி சேகரிப்பின் எலும்புகள். செயின்ட் லூயிஸில் சேர்த்தவை, இப்போது ஸ்மித்சோனியனில் இருக்கின்றன. உரிமை கோர ஆளில்லாமல் போன ஏழைகள் அதில் ஏராளம். அந்த எண்கள் அவர்களுடைய எண்கள். ஜோகன்னஸ்பர்க்கின் டார்ட் சேகரிப்பில் பிட்மோஸும் தயாலும் தாலஸை ஆராய்ந்தபோதும், ஒரு மக்களுக்கு உருவான சமன்பாடு இன்னொரு மக்களுக்குச் சரிவரவில்லை என்றே கண்டார்கள்.

இந்தப் பிழை இரு பக்கமும் சமமாகச் சிதறாது, தம்பி. பெரிய உடல்வாகு உள்ளவர்களின் சூத்திரத்தைச் சிறிய உடல்வாகு உள்ளவர்களிடம் போட்டால் பெண்கள் அநேகமாகச் சரியாகவே வருவார்கள். ஆண்கள்தான் கூட்டமாகப் பெண் பக்கம் விழுவார்கள். மொத்தத் துல்லியத்தை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது. ஆணுக்கு எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு என்று தனித்தனியே பார். நீ 'பெண்' என்று எழுதியதும் காவல்துறை காணாமல்போன ஆண்களின் பட்டியலை மூடிவைத்துவிடும். அந்தப் பட்டியலில் இருப்பவரை எதிர்பார்த்து ஒரு தாய் காத்திருப்பாள்.

வளர்ச்சி முடியாத எலும்பில் எந்தச் சூத்திரத்தையும் போடாதே.

எந்த மக்களிடம் உருவான சூத்திரம், எலும்பின் மதிப்பு வெட்டுப்புள்ளியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதை அறிக்கையிலேயே எழுது. இடைவெளி சிறிதென்றால் 'தீர்மானிக்க இயலவில்லை' என்று எழுதி, டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பச் சொல். விசாரணை அதிகாரி முகம் சுளித்தாலும் அந்த வரியை மாற்றாதே.

அன்புடன்,
அண்ணன்