தேனீப் பெட்டியில் உண்ணி: முதலில் எண்ணுங்கள், பிறகு மருந்து

இத்தாலியத் தேனீ வளர்ப்பவர்கள் வீட்டில் ஒரு பெட்டி மெலிந்து காலியானால், பழியை வெயில் மீதோ பக்கத்துத் தோட்டத்துப் பூச்சிமருந்து மீதோ போடுவதுதான் வழக்கம். வரோவா உண்ணியை யாரும் நினைப்பதில்லை. அது கண்ணில் படுவதே அபூர்வம். வரோவா வகை உண்ணியை முதன்முதலில் 1904இல் ஜாவாத் தீவில், நம் இந்தியத் தேனீயின் இனத்தில்தான் கண்டு எழுதினார்கள். இந்தியத் தேனீ அதோடு வாழப் பழகிவிட்டது. இத்தாலியத் தேனீக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூனில் நியூகாசில் துறைமுகம் அருகே இது தென்பட்டதும் ஆயிரக்கணக்கான பெட்டிகளை அழித்துப் பார்த்தார்கள். 2023 செப்டம்பரில் ஒழிக்கும் திட்டத்தையே கைவிட்டார்கள். ஆகவே ஒழிப்பது பற்றி யோசிக்க வேண்டாம். அடக்கி வைக்கும் வழிகள் இவை.

1. உருவம். தாய் உண்ணி செம்பழுப்பு நிறம். அகலம் 1.6 மி.மீ., நீளம் அதைவிடக் குறைவு. தட்டையாக நசுக்கிய கடுகு போல இருக்கும். தேனீயின் வயிற்றுப் பக்க மடிப்புகளுக்குள் செருகிக்கொள்வதால் மேலிருந்து பார்த்தால் தெரியாது. அங்கிருந்து தேனீயின் கொழுப்புத் திசுவைத் தின்கிறது.

2. மூடிய அறைதான் அதன் பிரசவ அறை. புழு உள்ள அறையை மெழுகால் மூடுவதற்குச் சற்று முன்பு தாய் உண்ணி உள்ளே நுழைந்துவிடும். முதல் முட்டை ஆண், அடுத்தவை பெண். அவை உள்ளேயே வளர்ந்து, இனச்சேர்க்கையும் முடிந்து, முதிர்ந்த பெண் உண்ணிகள் பிறக்கும் தேனீயோடு வெளியே வரும். புழு வளர்ப்பு நடக்கும் காலத்தில் பெட்டியிலுள்ள உண்ணிகளில் பாதிக்கும் மேல் மூடிக்கு அடியில்தான் இருக்கும். கீழே வரும் குறிப்புகள் பலவும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வருகின்றன.

3. காலையில் வாசல் முன் தரையைப் பாருங்கள். சுருங்கிய, குச்சி போன்ற இறக்கையோடு பறக்க முடியாமல் ஊர்ந்து போகும் இளந்தேனீக்கள் இருந்தால், உண்ணி பரப்பும் இறக்கை உருக்குலைவு வைரஸ் பெட்டிக்குள் வந்துவிட்டது. அதைக் கண்ணால் பார்க்கும்போது உண்ணி ஏற்கனவே பெருகியிருக்கும். எனவே அறிகுறிக்காகக் காத்திருக்காமல் மாதம் ஒருமுறை எண்ணுங்கள்.

4. சர்க்கரைத் தூள் சோதனை. தேனீயைக் கொல்லாமல் எண்ண இது எளிய வழி. வாய் அகன்ற பாட்டில் ஒன்றை எடுத்து, மூடியின் நடுவை வெட்டி, 3 மி.மீ. கண்ணுள்ள கம்பி வலையைப் பொருத்துங்கள். கொசுவலை வேண்டாம்; அதன் கண்ணில் உண்ணி இறங்காது. ஒரு டம்ளரில் 120 மி.லி. தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் கோடு போட்டு, தண்ணீரைக் கொட்டித் துடைத்துவிடுங்கள். அந்தக் கோடு வரை தேனீ நிரம்பினால் ஏறக்குறைய 300.

   புழு உள்ள சட்டம் ஒன்றை எடுத்து, ராணி அதில் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்து உறுதி செய்யுங்கள். பிறகு ஒரு பேசினில் உதறி, டம்ளரால் அள்ளிப் பாட்டிலில் போட்டு மூடுங்கள். மிக்சியில் அரைத்துச் சலித்த, ஈரம் இல்லாத சர்க்கரைத் தூள் இரண்டு மேசைக்கரண்டியை வலை வழியே தூவி, பாட்டிலை மெதுவாக உருட்டி, நிழலில் இரண்டு நிமிடம் வையுங்கள். தூள் ஒட்டியதும் உண்ணியின் பிடி விட்டுப்போகும். வெள்ளைத் தட்டின் மேல் கவிழ்த்து முழு ஒரு நிமிடம் குலுக்குங்கள். தட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் சர்க்கரை கரைந்து, உண்ணிகள் மட்டும் செம்பழுப்புப் புள்ளிகளாக நிற்கும். தேனீக்களைப் பெட்டிக்குள்ளேயே கொட்டிவிடலாம். மற்றவை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். மழை நாளில் தூள் கட்டியாகிக் கணக்குத் தப்பும். அன்று செய்ய வேண்டாம்.

5. கணக்கு. கிடைத்த எண்ணை மூன்றால் வகுங்கள். 300 தேனீயில் 9 உண்ணி என்றால் நூற்றுக்கு 3. அந்த அளவை எட்டினால் தள்ளிப்போடக் கூடாது.

6. ஆண் தேனீ அடையைப் பொறியாக்குங்கள். ஆண் தேனீ அறை அதிக நாள் மூடியிருப்பதால் உண்ணி அதைத்தான் பெரிதும் விரும்புகிறது. அடைத்தாள் ஒட்டாத வெறும் சட்டம் ஒன்றைப் புழு அறையின் ஓரத்தில் வைத்தால், வலுவான கூட்டம் அதில் ஆண் தேனீ அறைகளைக் கட்டும். முட்டையிட்ட பத்தாம் நாள் வாக்கில் அறைகள் மூடப்படும். 24ஆம் நாள் ஆண் தேனீ வெளிவரும். இடையில், 20ஆம் நாளுக்குள் அந்த அடையை வெட்டிக் கோழிக்குப் போட்டுவிடுங்கள். தேதியைப் பெட்டி மூடியிலேயே எழுதி வையுங்கள். மறந்தால் நீங்களே உண்ணி வளர்த்துவிட்டதாக ஆகும்.

7. மருந்து எப்போது, எது. ஃபார்மிக் அமிலத்தின் ஆவி மூடிய அறைக்குள்ளும் போகும். அதுதான் அதன் பலம். ஆனால் 30 டிகிரிக்கு மேல் வெப்பம் போனால் ஆவி ஒரேயடியாகக் கிளம்பி ராணியைப் பலி வாங்கலாம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதைத் தொடவே வேண்டாம். மழை தொடங்கிக் குளிர்ந்த நாட்களே அதற்கு ஏற்றவை. ஓமத்தில் உள்ள தைமால் மென்மையானது. ஆனால் மூடிக்கு அடியில் இருப்பதை அது தொடாது. ஆக்சாலிக் அமிலமும் வெளியே தேனீ மேல் இருப்பதை மட்டுமே கொல்லும். எதுவானாலும் கடைக்காரர் சொன்ன அளவை நம்பாமல் உறையில் அச்சிட்ட அளவைப் பின்பற்றுங்கள். அமிலத்தைக் கையாளும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். விற்கப் போகும் தேன் மேல் அறையில் இருக்கும்போது மருந்து வைப்பது, வாங்கிச் சாப்பிடுபவருக்குச் செய்யும் துரோகம்.

8. கூட்டம் பிரிக்கும் நாளைப் பயன்படுத்துங்கள். ராணி இல்லாத பாதியில் புது ராணி வளர்ந்து, வெளிவந்து, சேர்க்கை முடித்து முட்டையிட ஒரு மாதம் வரை ஆகலாம். அதற்குள் பழைய புழுக்கள் எல்லாம் தேனீயாகி வெளியேறிவிடும். மூடிய அறையே இல்லாத அந்தச் சில நாட்களில் உண்ணிக்கு ஒளிய இடமில்லை. ஆக்சாலிக் அமிலத்துக்கு அதைவிட நல்ல சமயம் கிடைக்காது.

9. இந்தியத் தேனீக்கு உண்ணி மருந்து வைக்க அவசரப்படாதீர்கள். பணித்தேனீக்கள் ஒன்றையொன்று சுத்தம் செய்து உண்ணியைக் கடித்து எறிகின்றன. உண்ணி பெரும்பாலும் ஆண் அறைகளில் மட்டுமே பெருகும். அங்கும், மிகவும் நலிந்த ஆண் தேனீ கனமான மூடியைத் திறக்க முடியாமல் உண்ணியோடு உள்ளேயே மடிந்துபோகும். இந்தியத் தேனீக்கு உண்மையான எமன் தாய்சாக் வைரஸ். 1991-92இல் கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் பெட்டிகளை அது பெருமளவில் காலியாக்கியது. செத்த புழு மல்லாந்து, தலை நுனி மேலே தூக்கியபடி கிடக்கும். ஊசியால் இழுத்தால் நீர் நிறைந்த பையாக முழுசாக வெளியே வரும். இதற்கு மருந்து கிடையாது. பாதித்த அடையை எரித்து, ராணியைச் சில நாள் கூண்டில் அடைத்து முட்டையிடுவதை நிறுத்தி, கூட்டத்தை நெருக்கமாக வையுங்கள். அந்தப் பெட்டியைத் தொட்ட கையோடு அடுத்த பெட்டியைத் திறக்காதீர்கள்.

10. அடை மேல் வேகமாக ஓடும் மெல்லிய, நீண்ட சிவப்பு உண்ணியைக் கண்டால் அது வரோவா அல்ல. மலைத்தேனீயிடமிருந்து வரும் டிராப்பிலேலாப்ஸ். வளர்ந்த தேனீயின் மேல் அதால் ஓரிரு நாளுக்கு மேல் உயிரோடு இருக்க முடியாது. புழுவே இல்லாமல் கூட்டத்தைச் சில நாள் வைத்திருந்தாலே அடங்கிவிடும்.

11. பூ இல்லாத மாதங்களில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்த பாகை, அந்தி சாய்ந்த பிறகு, பெட்டிக்குள்ளேயே வையுங்கள். வெளியே ஒரு சொட்டு சிந்தினாலும் கொள்ளைத் தேனீ வரும். பசித்த கூட்டம் எந்த நோயையும் தாங்காது.

12. தாங்கியின் கால்களை நீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. தேனீ உட்காராத காலி அடைகளைப் பெட்டியில் விடாதீர்கள். மெழுகு அந்துப்பூச்சி அங்கேதான் தொடங்கும்.

13. புதுப் பெட்டி வாங்கினால் பழைய பெட்டிகளிலிருந்து தள்ளி வைத்து, எண்ணிப் பார்த்த பிறகே அருகே கொண்டுவாருங்கள். விற்பவர் முன்னாலேயே சர்க்கரைச் சோதனை செய்து காட்டச் சொல்வதில் தவறே இல்லை.

14. மருந்து முடிந்து இரண்டு வாரம் கழித்து மறுபடி எண்ணுங்கள். குறையவில்லை என்றால் அதே மருந்தைக் கூட்டி வைக்காமல் வேறு வகைக்கு மாறுங்கள். ஃப்ளூவாலினேட் மருந்துப் பட்டைகளுக்கு மசியாத உண்ணிகள் பல நாடுகளில் உருவாகிவிட்டன. பக்கத்துப் பெட்டிக்காரர்களும் அதே வாரத்தில் மருந்து வைக்கும்படி பேசி வையுங்கள். நலிந்த அயல் பெட்டியில் தேன் கொள்ளையடிக்கப் போகும் உங்கள் தேனீக்கள், திரும்பும்போது அங்குள்ள உண்ணியையும் சுமந்துவரும்.