விற்கவும் பஞ்சாங்கம் பார்க்கணும்

நம்ம தம்பி தங்கைகள் பலர் இப்போ புலனத்திலும் இன்ஸ்டாகிராமிலும் சின்னதா வியாபாரம் பண்றாங்க. பலகாரம், பூமாலை, மருதாணி, டியூஷன்னு பட்டியல் நீளும். நான் படிப்பது பொறியியல். ஆனாலும் வீட்டில் ரவிக்கை தைக்கும் என் அத்தைக்கு விளம்பரம் அனுப்புவது என் பொறுப்பு. அவர் வீட்டு வாடகையும் மகனின் கல்லூரிக் கட்டணமும் அந்தத் தையல் மெஷினிலிருந்துதான் வரணும். அதனால் என்ன எழுதுவது என்பதைவிட எப்போது அனுப்புவது என்றுதான் நான் அதிகம் யோசிப்பேன்.

தீபாவளியை எடுத்துக்கொள்வோம். 2024-இல் அக்டோபர் 31. 2025-இல் அக்டோபர் 20. 2026-இல் நவம்பர் 8. 'போன வருஷம் அனுப்பிய அதே தேதியில் அனுப்பலாம்' என்றால் கணக்கு உதைக்கும். சம்பளமும் இதில் சேரும். 2025-இல் பண்டிகைக்கு முன் பலர் கைக்கு வந்த கடைசி மாதச் சம்பளம் செப்டம்பருடையது. 2026-இல் அது அக்டோபருடையது. அப்போ அக்டோபர் கடைசியில் அனுப்பினால் போதுமா? முறுக்கு விற்கிறவருக்குப் போதும். அத்தைக்குப் போதாது. நவம்பர் 1-ஆம் தேதி துணி வந்தால் தைக்க ஒரு வாரம்தான் இருக்கும். ஆகவே ரவிக்கைக்கு செப்டம்பர் சம்பளத்தையே குறி வைக்கணும். பண்டிகை ஒன்றுதான், பொருளுக்குப் பொருள் நாள் மாறுது.

நம்ம மாதங்களையும் பாருங்க. புரட்டாசியில் பல வீடுகளில் சைவம். அந்தச் சனிக்கிழமை காலையில் கோழி பிரியாணி விளம்பரம் வந்தால் யார் திறப்பார்? ஆடியில் கல்யாணம் வைக்கமாட்டார்கள், ஆனால் ஆவணிக் கல்யாணத்துக்கான பேச்சு அப்போதான் வீட்டில் ஓடும். மேடை அலங்காரம் செய்பவருக்கு ஆடி சும்மா இருக்கும் மாதமே இல்லை.

நேரமும் முக்கியம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் முடித்த அக்காவுக்குக் காலை 10 மணி நடு ராத்திரி மாதிரி. திருக்குறளின் 49-ஆம் அதிகாரமான காலமறிதலில், பகலில் காக்கை ஆந்தையை வென்றுவிடும் என்கிறார் வள்ளுவர். அதே அதிகாரத்தில் கொக்கும் வருது. காத்திருக்கும்போது அசையாது, நேரம் வந்தால் ஒரே கொத்து.

அந்தக் கொத்துதான் நம்மவர்கள் பலரிடம் இல்லை. 'எவ்வளவு?' என்று ஒருவர் கேட்கிறார், பதில் மறுநாள் போகுது. 2011-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2,241 அமெரிக்க நிறுவனங்களுக்கு இணையம் வழியாக விசாரணை அனுப்பிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் பதில் தந்தவை 37 விழுக்காடு. 23 விழுக்காடு பதிலே தரவில்லை. அதே கட்டுரை இன்னொன்றும் சொன்னது: ஒரு மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டவர்களுக்கு, அதற்கடுத்த மணி நேரத்தில் தொடர்புகொண்டவர்களைவிட உருப்படியான பேச்சு அமையும் வாய்ப்பு ஏறக்குறைய 7 மடங்கு. ரவிக்கைக்கும் அதே 7 மடங்கு என்று நான் சொல்லமாட்டேன். ஆனா காரணம் ஒன்றுதான். கேட்பவர் அந்த நிமிஷம் போனைக் கையில் வைத்திருக்கிறார், அநேகமாக மூன்று தையல்காரரிடம் கேட்டிருப்பார். மெஷின் ஓடும்போது அத்தையால் போன் எடுக்க முடியாது. அதான் வாட்ஸ்ஆப் பிசினஸில் விலையையும் அளவு எடுக்கும் நாளையும் உடனடிப் பதிலாகச் சேமித்து வைத்திருக்கிறோம். ஒரு தட்டு தட்டினால் போய்விடும்.

அனுப்பவே கூடாத காலமும் உண்டு. 'இனி விளம்பரம் அனுப்பாதீங்க' என்று வாடிக்கையாளர் எழுதிக் கேட்க 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உரிமை தருது. ஆனா துக்க வீட்டுக்காரர் அப்படி எழுதிக்கொண்டிருக்க மாட்டார். அந்த வருஷம் அவர்களுக்குத் தீபாவளி இல்லை. 'தீபாவளி சிறப்பு விலை' என்று போய் நின்றால் அந்த உறவே முறியும். அத்தை தன் நோட்டில் அப்படிப்பட்ட பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைப்பார். பட்டியல் அனுப்புமுன் நான் முதலில் பார்ப்பது அந்தக் கோடுகளைத்தான். வருஷத் திதி முடிந்த பிறகு அவரே அதை அழிப்பார்.