இறப்பை எதிர்நோக்கும் மனம்

தீராத நோய் வந்துவிட்டது, இனி எந்த மருந்தும் பலிக்காது என்று தெரியவந்தால் ஒருவருடைய மனம் என்ன பாடுபடும்? உடலில் நோய் பரவும் விதத்தை மருத்துவ நூல்கள் விரிவாகக் கூறுகின்றன. மனத்தின் போக்கை நோயாளியிடமே கேட்டறிய முனைந்தவர்களோ நெடுங்காலம் மிகச் சிலரே.

அவர்களுள் ஒருவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மனநல மருத்துவர். சுவிட்சர்லாந்தில் பிறந்தவர், அமெரிக்காவின் சிகாகோ நகரில் பணியாற்றினார். 1965-இல் இறையியல் மாணவர்கள் நால்வர், மனித வாழ்வின் நெருக்கடிகளை ஆராய அவருடைய உதவியை நாடினர். இறக்கும் தறுவாயில் உள்ளவர்களிடமே பாடம் கேட்கலாம் என்றார் அவர். பெரிய மருத்துவமனையில் வார்டு வார்டாகச் சென்று, அத்தகைய நோயாளி ஒருவரைச் சந்திக்க அனுமதி கேட்டார். அப்படி எவருமே அங்கு இல்லை என்பது போலிருந்தது மருத்துவர்களின் விடை!

நோயாளிகளோ மனம் திறந்து பேசினர். அழைக்கப்பட்டவர்களுள் மறுத்தவர் மிகச் சிலரே. 200-க்கும் மேற்பட்டோரிடம் கேட்டறிந்தவற்றை 1969-இல் அவர் நூலாக வெளியிட்டார். மறுப்பு, சினம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என ஐந்து நிலைகளை அதில் விளக்கினார்.

"எனக்கா? இருக்காது" என்பது மறுப்பு. "எனக்கு மட்டும் ஏன்?" என்பது சினம், இது அருகில் இருக்கும் செவிலியர் மீதும் வீட்டார் மீதும் பாயும். பேரம் விந்தையானது. கடும் வலியில் இருந்த தாய் ஒருவர், மூத்த மகனின் திருமணத்தைக் கண்டுவிட்டால் போதும் என்றார். எப்படியோ மருத்துவமனையிலிருந்து சென்று கண்டும் விட்டார். களைத்துத் திரும்பியவர் முதலில் நினைவூட்டியது, தமக்கு இன்னொரு மகன் இருப்பதைத்தான்!

இந்நிலைகளைப் படிக்கட்டுகளாகக் கொள்வது தவறு. ஒன்றோடொன்று கலந்தும் வரும் என்று அவரே எழுதியுள்ளார். எல்லோரும் இதே வரிசையில் செல்கின்றனர் என்பதற்குப் பிற்கால ஆய்வுகளிலும் சான்று கிடைக்கவில்லை. இறுதிவரை மறுப்பவரும் உண்டு. நம்பிக்கை மட்டும் எல்லா நிலைகளிலும் சிறிதேனும் எஞ்சி நிற்பதை அவர் கண்டார்.

நோயின் பெயரை மறைத்துவிட்டால் நோயாளி நிம்மதியாக இருப்பார் என்று வீட்டார் எண்ணுவதுண்டு அல்லவா? எவரும் சொல்லாமலே தம் நிலையை உணர்ந்திருந்த பலரை அவர் சந்தித்தார். வீட்டார் வருந்துவார்களே என்று நோயாளி பேசவில்லை. நோயாளி வருந்துவாரே என்று வீட்டாரும் பேசவில்லை. இருசாராரும் ஒரே செய்தியைத் தனித்தனியே சுமந்துகொண்டிருந்தனர்.